மலைமேல் ஓர் ஏரி, மலையடியில் ஓர் ஆறு

ஓய்வு என்பது மனிதனின் உரிமையா, அல்லது உழைப்பு முடிந்து கையில் சிறிது பணமும் மிஞ்சும்போது அவன் வாங்கிக்கொள்ளும் பண்டமா? கேட்பதற்கு எளிய வினாதான். எனினும் நாம் இதனை எழுப்புவதே அரிது. பாலாறு கெட்டுவிட்டது என்று நம் பகுதி மக்கள் மனு எழுதும்போது குடிநீரைப் பற்றி எழுதுகிறோம். கிணற்றைப் பற்றி, பயிரைப் பற்றி, பிள்ளைகளின் நோயைப் பற்றி எழுதுகிறோம். மாலை வேளையில் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு சென்று அமர ஓர் ஆற்றங்கரை இருந்தது, அது இன்று இல்லை என்று எவரும் மனு எழுதுவதில்லை. எழுதினால் அதைப் பெற்றுக்கொள்ளும் அதிகாரி நகைப்பார் என்று நாமே கருதிக்கொள்கிறோம். உலை வைக்க நீரில்லாத ஊரில் உலாப் போக இடம் கேட்பதா என்ற கூச்சம் நம்மைத் தடுக்கிறது. இந்தக் கூச்சம் நியாயமானதுதானா என்பதையே இங்குச் சற்று எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

எண்ணத் தூண்டியது ஏலகிரி. வாணியம்பாடிக்கும் திருப்பத்தூருக்கும் இடையே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் அமைந்த அம்மலையை நம் வாசகர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மே மாத விடுமுறையிலும் கிறிஸ்து பிறப்பு விழாவை ஒட்டிய நாள்களிலும், ஏன், ஞாயிறு திருப்பலி முடிந்த கையோடும் வேன் அமர்த்திக்கொண்டு மலையேறாத பங்கு நம் மறைமாவட்டத்தில் இருக்குமா என்பது ஐயமே. மறைக்கல்வி மாணவர்கள் போகிறார்கள். இளைஞர் இயக்கத்தார் போகிறார்கள். அன்பியக் குழுக்கள் புளிச்சோறும் தயிர்ச்சோறும் கட்டிக்கொண்டு போகின்றன. தியானத்துக்கென்று செல்வோரும் உண்டு. தியானம் முடிந்ததும் அவர்களும் ஏரிக்கரைக்குத்தான் செல்கிறார்கள்.

மலையின் பழைய கதை நீண்டதன்று. மலையாளி என்று அழைக்கப்பெறும் பழங்குடி மக்கள் 14 சிற்றூர்களில் வாழ்ந்து, சாமையும் பலாவும் தேனுமாகக் காலம் கழித்த இடம் அது. ஜமீன் உடைமையாக இருந்த மலை, 1950களில் அரசின் கைக்கு வந்தது. 1960களில் பாதை போடப்பட்டது. அப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளும் 14. அவற்றுக்குப் புலவர்களின் பெயர்களையும் கடையெழு வள்ளல்களின் பெயர்களையும் சூட்டியிருக்கிறார்கள். கேட்டவர்க்கு இல்லை என்னாத பாரியையும் காரியையும் பேகனையும் ஒவ்வொருவராகக் கடந்து சென்றுதான் கட்டணம் செலுத்திப் படகேறும் இடத்தை நாம் அடைகிறோம். இப்பொருத்தத்தை எண்ணிச் செய்தாரோ, எண்ணாமல் செய்தாரோ, அறியோம்.

புங்கனூர் ஏரி மனிதர் வெட்டிய ஏரி. அதன் கரையில் சிறுவர் பூங்கா. சற்றுத் தள்ளி இயற்கைப் பூங்கா. இயற்கை என்னும் பெயர் தாங்கிய அப்பூங்காவில் செயற்கை அருவி ஒன்றும், இசைக்கேற்ப ஆடும் நீரூற்று ஒன்றும் அமைக்கப்பெற்றுள்ளன. இதை எள்ளி நகையாடுவோர் உண்டு. நாம் அவ்வாறு செய்ய மாட்டோம். செருப்புத் தொழிற்சாலையில் வாரம் முழுதும் தையல் எந்திரத்தின் முன் குனிந்திருந்த ஒரு பெண், ஒரு நாள் தன் பிள்ளைகளோடு படகில் அமர்ந்து நீரைக் கையால் அளைந்து சிரிப்பது சிறிய செயல் அன்று. அந்நீர் இயற்கையாகத் தேங்கியதா, தேக்கப்பட்டதா என்பது அச்சிரிப்புக்குத் தேவையில்லாத கேள்வி. நம் வினா வேறு. அப்பெண் குடியிருப்பது ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ பேரணாம்பட்டிலோ என்றால், பாலாறோ அதன் கிளையாறோ அவள் வீட்டிலிருந்து நடந்து போகும் தொலைவில்தான் இருக்கிறது. ஆற்றின் அருகிலேயே வாழ்கின்றவள், நீரருகே ஒரு பொழுது அமர்வதற்காக ஒரு நாள் கூலியைச் செலவிட்டு மலையேற வேண்டியதாயிற்றே, அது ஏன்?

தமிழரின் நீர்விளையாட்டுக்குப் பூங்கா என்றொரு தனி இடம் முன்பு தேவைப்பட்டதில்லை. ஆறே பூங்கா. பரிபாடலில் வையையைப் பாடும் பாடல்கள், புதுப்புனல் வந்ததென்ற செய்தி கேட்டு மதுரை மக்கள் அனைவரும் திரண்டு ஆற்றுக்குச் சென்ற காட்சியை விரிக்கின்றன. ஆடிப்பெருக்கும் காணும் பொங்கலும் ஆற்று மணலில் நிலாச்சோறும் அம்மரபின் தொடர்ச்சியே. நம் பகுதியில் குடியாத்தத்தில் கௌண்டன்ய ஆற்றங்கரையில் வைகாசித் திங்களில் நடைபெறும் கங்கையம்மன் சிரசு விழாவுக்கு மக்கள் வெள்ளம் இன்றும் ஆற்றை நிரப்புகிறது, நீர்வெள்ளம்தான் அரிது.

பாலாறு எப்போதும் இரு கரை தொட்டு ஓடிய ஆறன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். நந்தி மலைப் பகுதியில் பிறந்து, கருநாடகத்தில் 93 கிலோமீட்டரும் ஆந்திரத்தில் 33 கிலோமீட்டரும் நடந்து, தமிழகத்தில் 222 கிலோமீட்டர் கடந்து வயலூர் அருகே கடலில் கலக்கும் இவ்வாறு, ஆண்டின் பெரும்பகுதியில் மணலாகவே காட்சியளிக்கும். ஆனால் அந்த மணல் வெறும் மணலன்று. அகன்ற ஆழமான மணற்படுகை, மழைக்காலத்து நீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துக்கொண்டு கோடை முழுதும் சிறுகச் சிறுகக் கொடுத்தது. கையால் தோண்டினால் ஊற்று, ஊற்றிலிருந்து கால்வாய், கால்வாயிலிருந்து நெல்லும் கரும்பும் தென்னையும். மேலே வெண்மணல், கீழே தண்ணீர் என்ற அந்த அமைப்புதான் பாலாற்றங்கரையைப் பகலில் உழவனுக்கும் மாலையில் ஊருக்கும் உரியதாக்கியது. மாலையில் அந்த மணல் குளிர்ந்துவிடும். பிள்ளைகள் சடுகுடு ஆடவும், முதியோர் கதை பேசவும், சுமை இறக்கியவன் கால் நீட்டிப் படுக்கவும் அதைவிட ஏற்ற இடம் எந்த நகராட்சியும் அமைத்துத் தந்ததில்லை.

தோல் தொழில் இக்கரைக்கு வந்ததற்கும் அந்த ஊற்றுநீரே காரணம். தோலை ஊறவைக்க, சுண்ணாம்பிட, கழுவ, பதனிட என்று ஒவ்வொரு படியிலும் நீர் வேண்டும். பதனிடுவதற்கான ஆவாரம்பட்டை சுற்றியுள்ள காடுமேடுகளில் கிடைத்தது. 1856இல் சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை இரயில் ஓடத் தொடங்கிய பின்னர்த் துறைமுகம் பக்கமாயிற்று. ஆற்றங்கரையில் ஒன்றன்பின் ஒன்றாக டேனரிகள் எழுந்தன. மரப்பட்டை கொண்டு பதனிட்ட காலத்திலும் நாற்றம் இருந்தது, கழிவும் இருந்தது. ஆறு அதை எப்படியோ தாங்கிக்கொண்டது. 1970களில் பாதி பதனிட்ட தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்து, முழுமையாக முடித்த தோலையும் தோற்பொருள்களையும் அனுப்பும் முறைக்குத் தொழில் மாறியபோது, குரோமியம் கொண்டு பதனிடுதல் பெருகியது. வேதிப்பொருள்கள் பெருகின. இவற்றுள் மக்கள் அதிகம் அஞ்சுவது குரோமியத்தை. ஆனால் மண்ணை ஓசையின்றிக் கொன்றது உப்பு. பச்சைத் தோல் அழுகாதிருக்க உப்பிட்டு வருகிறது. முதல் ஊறலிலேயே அவ்வுப்பு நீரில் கரைந்து வெளியேறுகிறது. குரோமியத்தைப் பிரித்து மீட்கலாம். கரைந்த உப்பைச் சாதாரணச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றும் செய்ய இயலாது. மெல்லிய சவ்வுகளின் வழியே நீரை அழுத்திப் பிரிக்கும் செலவு மிகுந்த முறை வேண்டும். அம்முறை வருவதற்குள் மணல் உறிஞ்சி வைக்கும் நீரே உவர்ப்பாகிவிட்டது. எசேக்கியேல் கண்ட காட்சியில், கோவிலிலிருந்து புறப்பட்ட ஆறு சென்ற இடமெல்லாம் உயிர்கள் தழைக்கின்றன. சதுப்பு நிலங்கள் மட்டும் உப்புக்கென விடப்படுகின்றன. நம் பகுதியில் இறைவாக்கினரின் காட்சி தலைகீழாயிற்று.

வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் வழங்கிய தீர்ப்பை இந்தியச் சட்ட மாணவர் அனைவரும் படிக்கின்றனர். மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்னும் கொள்கையும், கேடு வருமுன் காக்க வேண்டும் என்னும் கொள்கையும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகளே என்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு அறிவித்தது. ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்க ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகிறது என்பதும், தோல் ஆலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போயிற்று என்பதும் அத்தீர்ப்பிலேயே பதிவாகியுள்ளன. ஆலை ஒவ்வொன்றும் 10,000 ரூபாய் தண்டம் செலுத்தப் பணிக்கப்பட்டது. இழப்பைக் கணக்கிட ஆணையம் அமைந்தது. 2025 ஜனவரி 30ஆம் நாள் உச்ச நீதிமன்றம் மீண்டும் தலையிட்டு, ஈடு பெறாமல் இருப்போருக்கு அதனை விரைந்து வழங்குமாறும், ஆற்றை மீட்கும் பணியைக் கண்காணிக்கக் குழு அமைக்குமாறும் ஆணையிட்டது. இடையே ஓடிய ஆண்டுகள் 28. அன்று வழக்குக்குப் பின்னே நின்ற உழவர்களுள் எத்தனை பேர் இன்றிருக்கின்றனரோ.

நீதிமன்றத்தைக் குறைகூற நாம் எழுதவில்லை. நிலத்தை அளக்கலாம், கிணற்றை எண்ணலாம், ஒரு போக நெல்லுக்கு விலை உண்டு. அளக்கக்கூடியதற்கே சட்டம் ஈடு வழங்க முடியும். ஒரு தலைமுறை இழந்த மாலைப் பொழுதுகளை எந்த ஆணையம் எண்ணும்? நிலம் உடையவன் தன் இழப்புக்கு மனுச் செய்தான். ஆற்று மணலைத் தவிர வேறு முற்றமே இல்லாதிருந்தவனோ எதைக் காட்டி மனுச் செய்வான்? பட்டா இல்லாத இன்பம் அது.

இங்கே ஒரு மறுப்பை எதிர்கொள்ளாமல் மேலே செல்வது நேர்மையாகாது. பழைய ஆற்றங்கரையை நாம் புகழும்போது, அது எல்லார்க்கும் பொதுவாக இருந்ததா என்று நம் மக்களுள் பெரும்பான்மையோர் கேட்பர், கேட்க வேண்டும். ஆற்றிலும் துறைகள் சாதியால் பிரிந்திருந்த நாடு இது. மேல்துறையில் இன்னார், கீழ்த்துறையில் இன்னார் என்னும் ஒழுங்கு எழுதப்படாமலே காக்கப்பட்டது. ஆண்டையின் நிலத்தில் கூலிநெல்லுக்கு உழைத்தவர்களின் பிள்ளைகள், வாரக் கூலியைப் பணமாகக் கண்டது டேனரி வாசலில்தான். நாற்றத்தோடும் அவ்வாசல் அவர்களுக்கு விடுதலையின் வாசலாயிற்று. பெண்களின் கையில் முதன்முதலில் சம்பளக் கவரைத் தந்தது செருப்புத் தொழிற்சாலை. நம் பங்குகளில் எத்தனை கோவில்களின் சுவர்கள் தோல் தொழிலாளியின் காணிக்கையால் எழுந்தவை என்பதைப் பங்குத்தந்தையர் அறிவர். ஏலகிரியின் படகுத்துறையிலோ சீட்டு வாங்கியவன் வரிசையில் நிற்கிறான்; அவன் எத்தெருவினன் என்று எவரும் வினவுவதில்லை. காசில்லாமல் கிடைத்த ஆற்றங்கரையில் சாதி இருந்தது. சாதி கேளாத ஏரிக்கரையில் காசு வேண்டியிருக்கிறது. இரண்டில் எது மேல் என்று கேட்டால், முன்னதைக் கண்ணீரோடு நினைவுகூர்பவர் பெரும்பாலும் மேல்துறையில் குளித்தவர்களே என்று விடை சொல்வோரை நாம் எளிதில் மறுத்துவிட முடியாது.

ஆனால் இம்மறுப்பு எங்கே நம்மைக் கொண்டுசெல்கிறது? பழைய கரை அநீதியாயிருந்தது என்பதால் இன்றைய கரை பாழாய்க் கிடக்கலாம் என்றாகாது. உண்மையில், துறைப் பிரிவினை தளர்ந்து எல்லாரும் ஒரே மணலில் அமரக்கூடிய காலம் வந்தபோதுதான் அந்த மணல் லாரியேறிப் போயிற்று; ஊற்று உவர்த்தது; குப்பை மேடுகள் ஆற்றுக்குள் இறங்கின. தாழ்த்தப்பட்டோருக்கு உரிமை கிடைத்தபோது உரிமைக்குரிய பொருளே இல்லாது போனது. இது இரட்டிப்பு இழப்பு.

பூங்கா என்பதன் வரலாற்றையும் இவ்விடத்தில் ஒரு கணம் நோக்குவோம். அரச குடும்பத்தார்க்கும் பிரபுக்களுக்கும் சோலைகள் என்றும் இருந்தன. பொதுமக்களுக்கென்று பொதுப் பணத்தில் பூங்கா அமைக்கும் வழக்கம் ஆலைப் புகை சூழ்ந்த இங்கிலாந்தில்தான் வேரூன்றியது. 1847இல் திறக்கப்பட்ட பிர்க்கன்ஹெட் பூங்கா அதன் முன்னோடி எனப்படுகிறது. சென்னையிலும் 1859இல், ஆளுநர் சார்லஸ் டிரெவிலியன் காலத்தில், மக்கள் பூங்கா என்னும் பெயராலேயே ஒன்று உருவாயிற்று. பின்னாளில் அதன் நிலத்தில் மூர் மார்க்கெட் எழுந்தது, ரிப்பன் மாளிகை எழுந்தது, விளையாட்டரங்கம் எழுந்தது. மக்கள் பூங்கா பெயரளவில் நின்றது. ஆலைகள் ஆற்றையும் வெளியையும் எடுத்துக்கொண்ட பிறகு, எடுத்ததற்கு ஈடாகச் சிறிது பசுமையைத் திருப்பித் தருதல் என்பதே பொதுப் பூங்காவின் பிறப்பு இரகசியம். ஈடு கொடுப்பது நல்லதே. ஆனால் ஈடு என்பது கடன் உண்டு என்பதன் ஒப்புதல். கொடுத்த ஈட்டைக் காட்டிக் கடனையே மறக்கச் செய்வது எந்த அறநூலிலும் அடங்காது.

இந்நாளில் ஆற்றங்கரைப் பூங்கா என்றவுடன் அகமதாபாத்தின் சபர்மதிக் கரையைச் சுட்டுகிறார்கள். 2012 முதல் மக்கள் உலாவும் அந்த நடைபாதை அழகியது. அங்கே நிரம்பி நிற்பது நர்மதைக் கால்வாய் வழியே வந்த நீர் என்பதையும், கரையில் குடிசையிட்டு வாழ்ந்த பல்லாயிரம் குடும்பங்கள் நகரின் ஓரங்களுக்கு அகற்றப்பட்டன என்பதையும் சேர்த்துச் சொல்வோர் குறைவு. ஆற்றை மீட்பதும் ஆற்றங்கரையை அலங்கரிப்பதும் வேறு வேறு. பின்னது எளிது, விரைவில் முடியும், திறப்பு விழாவும் உண்டு.

திருச்சபை இதில் என்ன சொல்கிறது என்று கேட்போமாயின், விடை பழைய ஏற்பாட்டிலேயே தொடங்குகிறது. பத்துக் கட்டளைகள் விவிலியத்தில் இரு முறை வருகின்றன. விடுதலைப் பயண நூலில் ஓய்வுநாளுக்குக் கூறப்படும் காரணம், ஆண்டவர் படைப்பை முடித்து ஓய்ந்தார் என்பது. இணைச்சட்ட நூலிலோ காரணம் வேறு: நீ எகிப்தில் அடிமையாயிருந்ததை நினைத்துக்கொள், உன் வேலைக்காரனும் உன்னைப்போல ஓய்வு பெறட்டும் என்கிறது. எருதும் கழுதையும்கூட அதில் பெயர் சொல்லிக் குறிக்கப்படுகின்றன. அடிமையாயிருந்தவன் விடுதலை பெற்றான் என்பதற்கு அடையாளமே அவனுக்கு ஓய்வு உண்டு என்பதுதான். அவ்வாறாயின் ஓய்வு கூலியின் மிச்சத்தில் வாங்கும் பண்டமாகாது. கட்டளையால் அளிக்கப்பட்ட உரிமை. திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891இல் தொழிலாளர் நிலை குறித்து எழுதிய சுற்றுமடலில் ஞாயிறு ஓய்வை வற்புறுத்தியதும், இரண்டாம் வத்திக்கான் சங்கம் ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் ஏட்டில் குடும்ப, பண்பாட்டு, சமூக, சமய வாழ்வுக்குப் போதிய ஓய்வு தொழிலாளர்க்கு வேண்டும் என்று கூறியதும் இவ்வழியில் வந்தவையே. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய ‘லவுதாத்தோ சி’ இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. நகரங்களில் பாதுகாப்பான பகுதிகளில் மட்டும் அழகிய பசும்பரப்புகள் பேணப்படுவதையும், சமூகம் ஒதுக்கித்தள்ளிய மக்கள் வாழும் மறைவான பகுதிகளில் அவை இல்லாதிருப்பதையும், அழகு மிக்க இடங்கள் தனியார்மயமாகி மக்கள் நுழைய முடியாமற் போவதையும் அது வெளிப்படையாகவே சுட்டுகிறது. உட்கார ஓர் ஆற்றங்கரை கேட்பது உல்லாசம் என்னும் நம் கூச்சத்துக்குத் திருச்சபையின் போதனையில் இடமில்லை.

இன்னும் ஒன்று நம் பகுதிக்கென்றே எழுதப்பட்டதுபோல் திருத்தூதர் பணிகள் நூலில் உள்ளது. யோப்பாவில் பேதுரு பல நாள் தங்கியது தோல் பதனிடும் சீமோன் என்பவரின் வீட்டில். அவ்வீடு கடலோரத்தில் இருந்தது என்று ஆசிரியர் கவனமாகக் குறிக்கிறார். தோல் பதனிடுவோர் தீட்டுப்பட்டோராக யூதரால் கருதப்பெற்றனர். எதையும் தீட்டு எனச் சொல்லாதே என்னும் காட்சியைத் திருத்தூதர் கண்டது அவ்வீட்டின் மேல்தளத்தில். அடுத்து, பிலிப்பி நகரில் பவுல் ஓய்வுநாளன்று இறைவேண்டல் செய்யும் இடம் இருக்குமென்று எண்ணி நகர வாயிலுக்கு வெளியே ஆற்றங்கரைக்குச் செல்கிறார். அங்கே அமர்ந்து, கூடியிருந்த பெண்களோடு பேசுகிறார். அவர்களுள் ஒருவர் லீதியா, தியத்திரா நகரத்தவர், செந்நிறத் துணி விற்பவர். ஐரோப்பாவில் பவுலின் முதல் உரையாடலாக அந்நூல் காட்டுவது ஓய்வுநாளில் ஓர் ஆற்றங்கரையில் நடந்தது. தோலும் சாயமும் நீரோரத் தொழில்கள். அத்தொழில் செய்தோரின் வீட்டில் திருச்சபை தங்கியது, உண்டது, இறைவனை வேண்டியது. தொழிலைத் தீட்டு என்று ஒதுக்கிவிட்டு ஆற்றை மட்டும் அழகு பார்க்கும் சூழலியலுக்கும் நமக்கும் அதனால் தொடர்பில்லை. சீமோன் வீட்டு வாசலில் கடல் இருந்தது என்பதுதான் நம் கவனத்துக்குரியது. அவர் உழைத்த இடத்திலேயே அவருக்குக் கடல் இருந்தது.

நம் தொழிலாளி உறங்கும் இடம் எது என்று 2015 ஜனவரி 31 அதிகாலை நாடு அறிந்தது. இராணிப்பேட்டையில் கழிவுச் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் உடைந்து, அருகில் இருந்த ஆலைக்குள் உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர் சேற்றில் மூழ்கி இறந்தனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். வேலை செய்த இடத்திலேயே படுத்து, அவ்வேலையின் கழிவிலேயே புதைந்தார்கள். அவர்கள் ஏலகிரிக்குப் போயிருப்பார்களா என்று நாம் நினைத்துப் பார்ப்பதுண்டு.

ஏலகிரி மக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கீழே நாம் இழந்ததை மேலே தேடிப் போகும்போது, அம்மலை யாருடைய ஊர் என்பதை மறந்துபோகிறோம். நம் ஞாயிறு ஓய்வுக்காகப் படகு வலிப்பவனுக்கும், விடுதியில் பரோட்டா போடுபவனுக்கும், நுங்கும் பலாச்சுளையும் விற்கும் மூதாட்டிக்கும் ஞாயிறுதான் ஓயாத நாள். விடுதிகளும் பண்ணை வீடுகளும் பெருகுந்தோறும் மலையின் நீர்த்தேவை பெருகுகிறது. நாம் வீசிவிட்டு வரும் ஞெகிழிப் பைகளும் பெருகுகின்றன. ஓர் ஆற்றை இழந்தவர்கள் தங்கள் ஓய்வின் சுமை முழுவதையும் ஒரு சிறிய மலையின்மேல் ஏற்றி வைத்தால், அம்மலை எத்தனை காலம் தாங்கும்? கீழே ஆற்றங்கரை மீண்டால் மலையும் சற்று மூச்சுவிடும்.

மீளுமா என்று கேட்பார்க்கு, அரைகுறையாகவேனும் சில அறிகுறிகள் உண்டு. பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்துள்ளன; கழிவுநீரைச் சொட்டும் வெளியேற்றாமல் மீண்டும் பயன்படுத்தும் முறை பல ஆலைகளில் கட்டாயமாகியுள்ளது. நேர்மையாக அதைப் பின்பற்றும் ஆலையாளர் பெருஞ்செலவு செய்கின்றனர். இரவோடு இரவாகத் திறந்துவிடுவோர் அவர்களுக்கும் சேர்த்தே கெட்ட பெயர் தேடுகின்றனர். நம் பங்குகளில் ஆலையாளர் இல்லாமலிருக்கலாம்; ஆனால் மேற்பார்வையாளர், வேதியியலார், குழாய் திறப்பவர் உண்டு. இரவில் குழாயைத் திறக்கச் சொன்னால் மறுப்பதற்கு ஒருவனுக்கு எவ்வளவு துணிவு வேண்டும், மறுத்தபின் அவன் குடும்பத்தை யார் தாங்குவார் என்பதை நம் அன்பியக் கூட்டங்கள் ஒரு முறையேனும் பேசியிருந்தால் நன்று. ஆற்றைக் காக்கும் அறிவுரை மேடையில் எளிது. வேலையை இழக்கத் துணிந்தவனுக்கு மூன்று மாத அரிசி தர ஒரு பங்கு முன்வருமா என்பதில்தான் அவ்வறிவுரையின் எடை இருக்கிறது. நகராட்சிகளும் கரையோரம் நடைபாதை போடும் திட்டங்களைப் பேசும்போது, கரைவாழ் ஏழையை முதலில் அகற்றாத திட்டமா என்று கேட்பதும் நம் கடமையே.

1903இல் வாணியம்பாடியைச் சிதைத்த பெருவெள்ளத்தைப் பாட்டன்மார் சொல்லக் கேட்ட ஊர் இது. நெடுங்காலம் மணலாய்க் கிடந்த பாலாறு 2021 நவம்பரில் மீண்டும் இரு கரையும் புரள ஓடியது. அந்நாள்களில் பாலங்களின்மேல் மக்கள் கூட்டம் கூட்டமாக வந்து நின்றார்கள். காவலர் எச்சரித்தும் போகவில்லை. ஆற்றில் நீர் ஓடியதைக் கண்டிராத பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். முதியோரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். செம்மண் நிற நீர் ஓடியது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். வெள்ளம் வடிந்தது. அதன் பின்னரும் மழைக்காலங்களில் ஆம்பூர்ப் பக்கம் ஆற்றில் வெண்ணுரை பொங்குவதைச் செய்தித்தாள்கள் படம்பிடித்து வெளியிட்டிருக்கின்றன. அந்நுரை எங்கிருந்து வருகிறது என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். படத்தின் ஓரத்தில் இரண்டு மூன்று சிறுவர்கள் கரையில் குந்தி அமர்ந்து அதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பதையும் நாம் கண்டோம்.